யார் சொன்னால் அறிவு?

'பாரம்பரிய ஞானம்' என்று யாராவது சொன்னாலே எனக்குள் ஒரு சந்தேகம் எழுந்துவிடுகிறது. ஆய்வுக்கூடத்தில் வெள்ளை அங்கி போட்டவருக்குத் தெரிந்தால் அது அறிவியல். உழவருக்குத் தெரிந்தால் அனுபவம். பாட்டிக்குத் தெரிந்தால் கைவைத்தியம். மலையில் கிழங்கு தோண்டும் பழங்குடிப் பெண்ணுக்குத் தெரிந்தால் ஞானம். இந்த வரிசையில் சம்பளம் முதலாமவருக்கு மட்டும்தான். மற்றவர்களுக்கு மரியாதை கிடைக்கிறது. இந்த வகை மரியாதை பெண்களுக்குப் புதிதல்ல. தாய்மையைத் தெய்வம் ஆக்கிவிட்டால் பேறுகால விடுப்பைப் பற்றிப் பேச வேண்டியிராது. கைமணத்தைப் புகழ்ந்துவிட்டால் அடுப்படி வேலைக்கு நேரக் கணக்கு கேட்க மாட்டார்கள். பீடத்தில் ஏற்றி வைக்கப்பட்டவருக்கு நாற்காலி தேவைப்படாது என்பது இவர்கள் கணக்கு.

இயற்கைக்கும் மனிதருக்கும் உள்ள உறவைப் பற்றிய பேச்சில் இந்தப் பீடம் இன்னும் உயரமாகிவிட்டது. காலநிலை மாற்றம் பற்றிய கருத்தரங்குகளில் பழங்குடிப் பெண்ணின் படம் சுவரொட்டியில் இருக்கும், பேச்சாளர் பட்டியலில் இருக்காது. அவர் இயற்கையோடு ஒன்றி வாழ்கிறார் என்பார்கள். ஒன்றி வாழ்கிறவருக்கு அந்த இயற்கையைப் பற்றிக் கருத்து இருக்கலாம், அந்தக் கருத்து வனத்துறையின் கருத்துக்கு மாறாக இருக்கலாம், இரண்டில் எது சரி என்று சோதித்துப் பார்க்கலாம் என்ற இடத்துக்குப் பேச்சு போவதில்லை. ஞானத்தோடு யாரும் வாதிடுவதில்லை, அதனால் அதை யாரும் பொருட்படுத்துவதும் இல்லை.

இதை ஒரு மலையை வைத்துப் பார்க்கலாம்.

கர்நாடகத்தின் சாமராஜநகர் மாவட்டத்தில், நம் சத்தியமங்கலம் காடுகளை ஒட்டி இருப்பது பிளிகிரிரங்கன் மலை. அங்கே வாழ்கிறவர்கள் சோளகர்கள். தமிழ் வாசகர்களுக்கு இந்தப் பெயர் ச. பாலமுருகனின் 'சோளகர் தொட்டி' நாவல் வழியாகத்தான் பெரும்பாலும் தெரியும். வீரப்பன் தேடுதல் வேட்டை என்ற பெயரில் அந்த மக்களுக்கு, குறிப்பாக அந்தப் பெண்களின் உடல்களுக்கு என்ன நடந்தது என்பதை அந்த நாவல் தமிழில் பதிவு செய்தது. சோளகர்களுக்கு என்ன செய்யப்பட்டது என்று நமக்கு ஓரளவு தெரியும். சோளகர்களுக்கு என்ன தெரியும் என்பது நமக்கு அவ்வளவாகத் தெரியாது.

அவர்களுக்குத் தெரிந்தவற்றில் ஒன்று நெருப்பு. கோடையின் தொடக்கத்தில், சருகு முழுதாகக் காய்ந்து குவிவதற்கு முன்பே, காட்டின் தரைக்குத் தீ வைப்பது அவர்கள் வழக்கம். ஆண்டுதோறும் எரிப்பதால் சருகு குறைவாகவே இருக்கும். தீ முழங்கால் உயரத்தைத் தாண்டாது, ஓடிப்போய் அணைந்துவிடும். மரங்கள் தப்பிக்கும், புதுப் புல் முளைக்கும், புல்லுக்கு மான்களும் காட்டெருமைகளும் வரும், வழி தெளிவாக இருக்கும். 1974இல் அந்தக் காடு வனவிலங்கு சரணாலயம் ஆனது. வேட்டையும் மாற்றிடச் சாகுபடியும் நின்றன. சோளகர்கள் பலர் உள்காட்டிலிருந்து வெளியே கொண்டுவந்து குடியமர்த்தப்பட்டார்கள். தீ குற்றமானது. சரணாலயத்துக்குள் அதற்கு ஊறு வரும்படி தீ மூட்டக் கூடாது என்பது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்திலேயே இருக்கிறது. அந்தச் சட்டத்தின் கண்ணில் காட்டுத் தீ என்றால் ஒரே தீதான். முழங்கால் உயரத் தீ, மரத்தின் உச்சி ஏறும் தீ என்று இரண்டு கிடையாது.

தீ நின்ற பிறகு உண்ணிச்செடி எழும்பியது. இந்தச் செடியை நாம் எல்லோரும் பார்த்திருப்போம். சிவப்பும் மஞ்சளுமாகக் கொத்துக் கொத்தாகப் பூக்கும், இலையைக் கசக்கினால் நெடி அடிக்கும், சிறு பிள்ளைகள் அதன் கறுப்புப் பழத்தைத் தின்பார்கள். நம் ஊர்ச் செடி போலவே தோன்றினாலும் இது அமெரிக்க வெப்பமண்டலத்துச் செடி. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலேயர்கள் அழகுக்காகத் தோட்டங்களில் கொண்டுவந்து வைத்தது. பிளிகிரிரங்கன் மலையில் 1997இல் ஆய்வாளர்கள் குறித்துவைத்த நிலத்துண்டுகளில் 41 சதவீதத்தில் உண்ணிச்செடி இருந்தது. 2008இல் அதே இடங்களைத் திரும்பப் போய்ப் பார்த்தபோது 81 சதவீதத்தில் இருந்தது. ஆள் உயரத்துக்கு மேல் புதராக வளர்ந்து, கீழே ஒரு புல்லையும் விடாமல், உள்ளே யானை நின்றாலும் வெளியே தெரியாதபடி மூடிவிடும் செடி இது. விறகுக்கும் கீரைக்கும் காட்டுக்குள் போகிறவர்கள் பெண்கள் என்பதால், எதிரே என்ன நிற்கிறது என்று தெரியாமல் நடக்க வேண்டிய நிலையும் அவர்களுக்குத்தான்.

இதற்கிடையில் நெல்லிக்காய்ப் பிரச்சினை வந்தது. காட்டு நெல்லி சோளகர்களுக்கு முக்கியமான வருமானம். பறித்து, பழங்குடிக் கூட்டுறவுச் சங்கத்துக்குக் கொடுப்பார்கள். காட்டில் இளம் நெல்லி மரங்கள் குறைகின்றன என்று தெரியவந்தபோது, பறிக்கிறவர்கள் மேல் சந்தேகம் விழுந்தது இயல்பு. பழத்தையெல்லாம் பறித்துவிட்டால் விதை எங்கே விழும், கன்று எப்படி முளைக்கும்? கேட்பதற்கு அறிவியல் போலவே இருக்கும் தர்க்கம். சோளகர்கள் வேறு காரணம் சொன்னார்கள். பறிப்பதால் குறையவில்லை, தீயை நிறுத்தியதால் குறைகிறது, உண்ணிச்செடி கன்றுகளை மூடுகிறது, மரத்தில் புல்லுருவி ஏறுகிறது, முன்பெல்லாம் தீ இரண்டையும் அடக்கி வைத்திருந்தது என்றார்கள். 2006இல் சரணாலயத்துக்குள் காட்டு விளைபொருள்களைச் சேகரிப்பதே தடை செய்யப்பட்டது. 2002இல் வனவிலங்குச் சட்டத்தில் கொண்டுவந்த திருத்தத்தின் தொடர்ச்சி அது.

2012இல் தமாரா டிக்டின் என்ற சூழலியலாளரும் பெங்களூரின் அசோகா சூழலியல் அறக்கட்டளையைச் சேர்ந்தவர்களும் சேர்ந்து ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அந்தக் காட்டின் இருவகை நெல்லி மரங்களையும் பல ஆண்டுகள் எண்ணி, அளந்து, காய் பறிப்பது எவ்வளவு பாதிக்கிறது, புல்லுருவி எவ்வளவு, உண்ணிச்செடி எவ்வளவு என்று தனித்தனியாகப் பிரித்துப் பார்த்த ஆய்வு. காய் பறிப்பதன் பாதிப்பு சிறியது என்றும், புல்லுருவியும் உண்ணிச்செடியும்தான் பெரிய காரணங்கள் என்றும் அது காட்டியது.

இந்தக் கதையை இங்கேயே நிறுத்திக் கைதட்டலாம். பழங்குடிகள் சொன்னதை அறிவியல் நிரூபித்துவிட்டது என்று தலைப்புப் போடலாம். எனக்கு அதில் ஒப்புதல் இல்லை. அந்தத் தலைப்பில் முத்திரை குத்தும் கை இன்னமும் ஒருவருடையதுதான். ஒரு பெண் தனக்கு நடந்ததைச் சொன்னால் நம்பாமல், மருத்துவ அறிக்கை வந்தபின் 'பாவம், உண்மையைத்தான் சொல்லியிருக்கிறாள்' என்று சொல்வது போன்றது அது. அறிக்கை தேவையில்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அவள் சொன்ன நாளுக்கும் அறிக்கை வந்த நாளுக்கும் இடையில் என்ன நடந்தது, அந்த இடைவெளியின் செலவை யார் கட்டினார்கள் என்று கேட்பேன். பிளிகிரிரங்கன் மலையில் தடை வந்தது 2006இல், ஆய்வு வெளியானது 2012இல். நடுவில் ஆறு ஆண்டுகள். அந்த ஆண்டுகளின் நெல்லிக்காய் வருமானம் எந்த ஆய்வுக் கட்டுரையின் செலவுக் கணக்கிலும் வராது.

அதே அளவுக்கு எதிர்த் தலைப்பும் எனக்கு ஒவ்வாது. அவர்களுக்கு எல்லாம் முன்பே தெரியும், அறிவியல் வந்து என்ன புதிதாகச் சொல்லிவிட்டது என்கிற தலைப்பு அது. முதலில், அது உண்மையல்ல. சோளகர்களுக்குத் தெரிந்த தீ, உண்ணிச்செடி அடையாத காட்டின் தீ. இன்று அதே நாளில் அதே இடத்தில் தீ வைத்தால், ஆள் உயரப் புதர் பற்றி எரியும்போது அது முழங்கால் உயரத்தில் நிற்குமா? பக்கத்துப் பந்திப்பூரில் 2019 பிப்ரவரியில் எரிந்த காட்டைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். அறிவு எந்தக் காட்டைப் பற்றியதோ அந்தக் காடே மாறிவிட்டது. புதுக் காட்டுக்குப் புதிதாகக் கற்க வேண்டும். எங்கே செடியை வெட்டிவிட்டு எரிப்பது, எங்கே எரிக்கவே கூடாது என்று சின்னச் சின்ன இடங்களில் செய்து பார்க்க வேண்டும். அதற்குச் சோளகர்களின் கண்ணும் வேண்டும், அளவுநாடாவும் வேண்டும். இரண்டாவது, இந்த எதிர்த் தலைப்பு அவர்களை அவமதிக்கிறது. ஞானம் என்றால் எங்கிருந்தோ இறங்கி வந்து அப்படியே இருப்பது போல ஆகிவிடுகிறது. தீயை நிறுத்தியபின் புல்லுருவி கூடுகிறது என்று அவர்கள் கவனித்தது தொன்மமல்ல. நம் வாழ்நாளுக்குள் நடந்த மாற்றத்தைப் பார்த்து, காரணம் தேடி, ஒரு முடிவுக்கு வந்திருக்கிறார்கள். அந்த முடிவின்படி நடந்தும் இருக்கிறார்கள், நெல்லி பறிக்கும்போதே புல்லுருவி பிடித்த கிளைகளை வெட்டிவிடுகிறார்கள். இதைச் செய்தவர் பல்கலைக்கழகத்தில் இருந்திருந்தால் கருதுகோள் என்று பெயர் வைத்திருப்போம்.

கடலுக்கு அப்பால் இன்னொரு கதை இருக்கிறது. அதில் ஒரு பெண் இரண்டு நாற்காலிகளிலும் உட்கார்ந்திருக்கிறார் என்பதால் சொல்கிறேன்.

ராபின் வால் கிம்மரர் அமெரிக்காவின் பொட்டவாட்டமி பழங்குடியைச் சேர்ந்தவர், பாசிகளை ஆராயும் தாவரவியலாளர், நியூயார்க் மாநிலப் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர். கல்லூரியில் சேரும்போது, ஏன் தாவரவியல் என்று கேட்டதற்கு, இலையுதிர் காலத்தில் ஊதா ஆஸ்டர் பூவும் மஞ்சள் கோல்டன்ராட் பூவும் சேர்ந்து பூக்கும்போது ஏன் அவ்வளவு அழகாக இருக்கின்றன என்று தெரிந்துகொள்ள விரும்புகிறேன் என்றாராம். அது அறிவியல் இல்லை என்று பதில் வந்தது. ஊதாவும் மஞ்சளும் ஒன்றுக்கொன்று எதிர்நிறங்கள், கண் அந்தச் சேர்க்கைக்குக் கூடுதலாகத் துலங்குகிறது, தேனீயின் கண்ணும் அப்படியே, சேர்ந்து பூத்தால் இரண்டுக்கும் தேனீ வரவு அதிகம் என்பதெல்லாம் பின்னால் அவர் தேடிக்கொண்ட விடை. அந்தக் கேள்வி அறிவியல்தான். கேட்ட விதம்தான் பிடிக்கவில்லை.

அவர் 2013இல் எழுதிய 'பிரெய்டிங் சுவீட்கிராஸ்' நூலில் ஒரு மாணவியின் ஆய்வு வருகிறது. சுவீட்கிராஸ் என்பது கூடை பின்னப் பயன்படும் ஒரு மணப்புல். அது பல இடங்களில் அருகி வருகிறது. கூடை பின்னும் பழங்குடிப் பெண்களிடம் கேட்டால், மரியாதையோடு பறித்தால் புல் தழைக்கும், பறிக்காமல் விட்டால் போய்விடும் என்கிறார்கள். ஒருபோதும் பாதிக்கு மேல் எடுப்பதில்லை. சிலர் ஒவ்வொரு தாளாகக் கிள்ளுவார்கள், சிலர் கொத்தாகப் பிடுங்குவார்கள். இரண்டில் எது புல்லுக்கு நல்லது என்று சோதிக்க அந்த மாணவி ஆய்வுத் திட்டம் கொடுத்தார். குழுவில் இருந்த பேராசிரியர்களுக்குத் திருப்தியில்லை. அறுவடை செய்தால் செடி குறையும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதானே, இதில் புதிதாக என்ன கேள்வி இருக்கிறது என்பது அவர்கள் நிலை.

மாணவி விடவில்லை. சில பாத்திகளில் கிள்ளி, சிலவற்றில் கொத்தாகப் பிடுங்கி, சிலவற்றை ஒப்பீட்டுக்காகத் தொடாமலே விட்டார். கிள்ளியதற்கும் பிடுங்கியதற்கும் பெரிய வித்தியாசம் வரவில்லை, இரண்டும் தழைத்தன. நலிந்தது தொடாமல் விட்ட பாத்திகள்தான். பழைய தாள்கள் அடைத்துக்கொண்டு புதுத் தளிருக்கு இடமும் வெளிச்சமும் இல்லாமல் போயின. பறிக்கும்போது இடம் கிடைக்கிறது, மண்ணுக்குள் இருக்கும் தண்டு புதிதாகத் துளிர்க்கிறது. புல்லும் கூடை பின்னுகிறவரும் ஒருவரால் ஒருவர் பிழைக்கிறார்கள்.

கூடைக்காரப் பெண்கள் சொன்னது சரியாக இருந்தது என்பதைவிட, பேராசிரியர்கள் எந்த இடத்தில் நின்றுகொண்டு தவறினார்கள் என்பதே என்னை யோசிக்க வைத்தது. அவர்களுக்குத் தாவரவியல் நன்றாகவே தெரியும். அவர்கள் தவறியது மனிதரைப் பற்றிய ஒரு முன்முடிவால். மனிதர் இயற்கைக்கு வெளியே இருப்பவர், தொட்டால் கெடுப்பவர், ஆகவே விலகி நிற்பதே நல்லது என்ற முடிவு அது. இந்த முடிவு எந்தச் சோதனையிலிருந்தும் வந்ததல்ல. காட்டிலிருந்து சோளகரை வெளியேற்றிய சட்டத்துக்கும், பாதி அறுவடையை நம்ப மறுத்த குழுவுக்கும் அடியில் இருப்பது இதே எண்ணம்தான். தொடாத காடு தூய்மையானது என்பதும் தொடாத பெண் தூய்மையானவள் என்பதும் ஒரே கற்பனையின் இரண்டு பக்கங்களோ என்று எனக்குத் தோன்றுவதுண்டு. இரண்டிலும் காவல் காப்பவர் யார் என்பதையும் பாருங்கள்.

டோனா ஹாராவே 1988இல் எழுதிய ஒரு கட்டுரையில், எங்கும் நிற்காமல் எல்லாவற்றையும் பார்க்கும் பார்வை என்று எதுவும் இல்லை, எல்லா அறிவும் ஏதோ ஓர் இடத்தில் நின்று பார்த்ததுதான் என்று வாதிட்டார். பெண்ணியம் அறிவியலுக்குக் கொடுத்த உருப்படியான யோசனைகளில் இது ஒன்று. இதன் பொருள் உண்மை என்று ஒன்று இல்லை என்பதல்ல. நிற்கும் இடத்தைச் சொல், அப்போதுதான் உன் பார்வை எதை மறைக்கிறது என்று பிறர் சொல்ல முடியும் என்பது. அப்படிப் பார்த்தால் சோளகரும் ஓர் இடத்தில்தான் நிற்கிறார், கூடைக்காரரும் அப்படியே. அவர்களிடமும் எதை மறைக்கிறது உங்கள் பார்வை என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு, முக்கியமாக அந்தச் சமூகத்துப் பெண்களுக்கு உண்டு.

நீலகிரித் தோடர்களை எடுத்துக்கொள்ளுங்கள். மலைப் புல்வெளியோடும் எருமைகளோடும் அவர்களுக்குள்ள உறவு நுட்பமானது. ஆங்கிலேயர்கள் அந்தப் புல்வெளியைப் பயனற்ற தரிசாகப் பார்த்தார்கள். அங்கே சீகையும் தைலமரமும் நடப்பட்டன. நம் அரசுகளும் அதைத் தொடர்ந்தன. அந்தப் புல்வெளி மனிதர் காட்டை அழித்ததால் வந்ததல்ல, பல்லாயிரம் ஆண்டுப் பழமை உடையது என்று நீலகிரிச் சதுப்பு மண்ணை ஆராய்ந்து ரா. சுகுமாரும் உடன் ஆய்வாளர்களும் 1993இல் எழுதினார்கள். தரிசு என்ற சொல்லை நிலத்தின் மேலும் பிள்ளை பெறாத பெண்ணின் மேலும் வீசுகிற சமூகம் நம்முடையது, ஆகவே இந்தத் தவறு எனக்கு ஆச்சரியம் தரவில்லை. ஆனால் அதே தோடர் மரபில் பால்மனைக் கோயிலுக்குள் பெண் நுழைய முடியாது. எருமையைச் சுற்றியே ஒரு சமூகத்தின் புனிதம் எல்லாம் இருக்கும்போது, அந்தப் புனிதத்தின் வாசலுக்கு வெளியே பெண் நிற்கிறாள். இயற்கையை மதிக்கத் தெரிந்த சமூகம் பெண்ணையும் மதித்துவிடும் என்று இரண்டையும் ஒரே முடிச்சில் போட்டுவிட முடியாது.

இயற்கையும் பெண்ணும் ஒன்று என்கிற சூழல்பெண்ணியப் பேச்சு இந்தியாவில் 1980களில் வலுவாக இருந்தது. வந்தனா சிவாவின் 'ஸ்டேயிங் அலைவ்' 1988இல் வந்தது. நான்கு ஆண்டுகள் கழித்துப் பொருளியலாளர் பீனா அகர்வால் இதற்கு எழுதிய மறுப்பு எனக்கு அதிகம் உதவியது. பெண்ணுக்குக் காட்டைத் தெரிவது அவள் பெண் என்பதால் அல்ல, விறகும் தண்ணீரும் தீவனமும் அவள் தலையில் சுமத்தப்பட்டிருப்பதால் என்றார் அவர். வேலைப் பிரிவினையும் சொத்துரிமையும் சாதியும் வர்க்கமும்தான் யாருக்கு எது தெரியும் என்பதைத் தீர்மானிக்கின்றன. நிலமுள்ள வீட்டு அம்மாவுக்கும் அந்த வீட்டில் சாணி அள்ளும் பெண்ணுக்கும் ஒரே இயற்கை கிடையாது.

இதை ஒப்புக்கொண்டால் ஒரு சங்கடமான கேள்வியை விழுங்க வேண்டியிருக்கிறது. விறகு சுமப்பதால்தான் அவளுக்கு எந்த மரம் எந்தப் பருவத்தில் காய்கிறது என்று தெரிகிறது. வீட்டுக்குச் சமையல் எரிவாயு வந்தால், காட்டு வழி மறந்து, அடுத்த தலைமுறையில் அந்த அறிவு போய்விடலாம். அறிவு அழியாமல் இருக்க அவள் சுமந்துகொண்டே இருக்க வேண்டுமா? என் பதில் வேண்டாம் என்பதுதான். கிழங்கின் பெயர்கள் எல்லாம் தெரிந்த பெண்ணின் மகள் ஊருக்கு வெளியே போய்ச் செவிலியர் படிப்புப் படிக்க விரும்பினால், ஐயோ மரபு போகிறதே என்று பதறும் உரிமை அறை விளக்கடியில் உட்கார்ந்து எழுதும் எனக்குக் கிடையாது. பண்பாட்டைக் காப்பது பெண்ணின் வேலை என்று நம்மிடம் சொன்னார்கள், நாம் அதோடு சண்டை போட்டோம். இப்போது பூமியைக் காப்பது பழங்குடிப் பெண்ணின் வேலை என்று நாமே சொல்லக் கூடாது. அந்த மகள் விரும்பினால் தாவரவியலும் படிக்கட்டும். கிம்மரர் மாதிரி இரண்டு நாற்காலியிலும் உட்காரட்டும். வீட்டில் இருந்தே அறிவைச் சம்பளமாக்க முடிந்தால் அதுவும் நல்லது. சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் 1978இல் தொடங்கிய இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் அப்படி ஒரு முயற்சி. பாம்புத்தோல் வியாபாரம் தடை செய்யப்பட்டபின், அதே கைத்திறன் விஷம் எடுத்துக் கொடுக்கும் தொழிலானது. பாம்புக்கடிக்கு மருத்துவமனையில் போடும் முறிமருந்தின் பின்னால் அந்தக் கைகள் இருக்கின்றன. விஷம் எடுத்தபின் பாம்பைத் திரும்பக் காட்டில் விடுகிறார்கள். அமெரிக்காவின் புளோரிடாவில் மலைப்பாம்பு பெருகித் திண்டாடியபோது, 2017இல் இங்கிருந்து மாசி சடையனையும் வடிவேல் கோபாலையும் அழைத்துப்போனார்கள். முதல் எட்டு நாளில் 13 பாம்புகள் பிடித்தார்கள். 2023இல் இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது. ஆனாலும் நம் செய்தித்தாள்களுக்கு அவர்கள் பாம்புபிடிப்பவர்கள்தான், பாம்பு வல்லுநர் என்று எழுதக் கை வருவதில்லை.

ஒரு பக்கவழி போய்விட்டு வருகிறேன். கிம்மரர் தன் மொழியைப் பற்றி எழுதும்போது, ஆங்கிலம் மரத்தையும் பறவையையும் உயிரற்ற பொருளோடு சேர்த்து ஒரே சுட்டுச்சொல்லில் அடைக்கிறது, பொட்டவாட்டமி மொழி அவற்றை உயிருள்ளவையாகப் பேசுகிறது என்கிறார். படித்ததும் தமிழின் ஞாபகம் வந்தது. நமக்கு உயர்திணை, அஃறிணை. மனிதர் உயர்ந்த திணை, மயிலும் கல்லும் சேர்ந்து மற்றது. அதே தொல்காப்பியம் புல்லுக்கும் மரத்துக்கும் ஓரறிவு உண்டு என்று தொடங்கி மனிதர் வரை ஒரே ஏணியில் வைக்கிறது, அந்த அளவில் ஆறுதல். ஆனால் பேச்சுத் தமிழைக் கவனியுங்கள். அப்பா வந்தாரு, அண்ணன் வந்தாரு. அம்மா வந்துச்சு, அக்கா வந்துச்சு, மழை வந்துச்சு, ஆடு வந்துச்சு. பல வீடுகளில் இதுதான் இயல்பான பேச்சு. பெண்ணும் மழையும் ஆடும் ஒரே வினைமுற்றில் வந்து நிற்கிறார்கள். அதில் பிரியமும் இருக்கிறது, பிள்ளையையும் அப்படித்தானே கூப்பிடுகிறோம். ஆனால் அந்தப் பிரியம் அப்பாவின் பக்கம் போவதில்லை. எல்லா உயிரையும் உறவாகப் பார்க்கும் இலக்கணம் வேண்டும் என்று கிம்மரர் கேட்பது நியாயம். எனக்கு அதற்கு முன் ஒரு சில்லறை வேலை இருக்கிறது: மழைக்கு 'ஆர்' விகுதி கொடுப்பதற்கு முன் அம்மாவுக்குக் கொடுப்பது.

தமிழில் இந்தப் பேச்சுக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. இயற்கை என்றதும் சங்க இலக்கியத்தின் ஐந்திணையை எடுத்து வைத்து, நாம் அப்போதே சூழலியல் கண்டவர்கள் என்று முடித்துவிடுவோம். குறிஞ்சியைப் பாடிய மரபின்மேல் எனக்கும் மோகம் உண்டு. குறிஞ்சி நிலத்தில் இன்று இருப்பவருக்குச் சாதிச் சான்றிதழ் வாங்க எத்தனை நடை ஆகிறது என்பதையும் அதே மூச்சில் பேச வேண்டும். 'முன்னோர் அறிவு' என்று மேடைகளில் முழங்கும்போது அந்த முன்னோர் யார் என்று கேட்டுப் பாருங்கள். ஏட்டில் எழுதியவர்கள் வருவார்கள். கிழங்கு தோண்டியவர்களும் பேறு பார்த்தவர்களும் வருவதில்லை.

கடைசியாகச் சட்டம். 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தை நான் ஓர் அறிவுக் கோட்பாட்டு நூலாகவே படிக்கிறேன். அதன் விதிகளில், ஒரு குடும்பம் அல்லது ஊர் அந்தக் காட்டில் வாழ்ந்தது என்பதற்கான சான்றுகளின் பட்டியலில், அரசு ஆவணங்களுக்கும் வரைபடங்களுக்கும் கூடவே, உரிமை கோருபவர் அல்லாத முதியவர்கள் சொல்லி எழுதப்பட்ட வாக்குமூலமும் இருக்கிறது. எழுதப் படிக்கத் தெரியாத ஒருவரின் நினைவு, செயற்கைக்கோள் படத்துக்குப் பக்கத்தில் சான்றாக உட்காருகிறது. மணமானவர்களுக்கு உரிமைப் பட்டம் கணவன் மனைவி இருவர் பெயரிலும் என்கிறது சட்டம். ஊரின் வன உரிமைக் குழுவில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் பெண்கள் இருக்க வேண்டும் என்கின்றன விதிகள். 2011 ஜனவரியில் பிளிகிரிரங்கன் மலை புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டு அக்டோபரில் சோளகர்களின் 25 கிராம சபைகள் அங்கே சமூக வன உரிமையைப் பெற்றன. புலிகள் காப்பகம் ஒன்றுக்குள் அப்படி உரிமை பெற்றதில் அவர்கள்தான் முதல். தமிழ்நாட்டில் நீதிமன்றத் தடையால் 2016 வரை உரிமைப் பட்டம் கொடுப்பது ஏறக்குறைய நின்றே இருந்தது. 2019 பிப்ரவரி 13 அன்று, காட்டைக் காக்க வேண்டும் என்று தொடுக்கப்பட்ட வழக்கில், கோரிக்கை நிராகரிக்கப்பட்டவர்களை வெளியேற்றும்படி உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. பத்து லட்சத்துக்கு மேற்பட்ட கோரிக்கைகள் அந்தக் கணக்கில் இருந்தன. இரண்டு வாரத்தில் உத்தரவு நிறுத்திவைக்கப்பட்டது.

முதியவரின் வாக்குமூலம் என்று விதி சொல்லும்போது ஆணா பெண்ணா என்று சொல்வதில்லை. நடைமுறையில் யாரிடம் போய்க் கேட்கிறார்கள் என்பதுதான் விஷயம். ஊருக்குள் அதிகாரி வந்தால் திண்ணையில் உட்காருபவர்கள் ஆண்கள். எல்லை எது, சாமிமரம் எது, புதைமேடு எது என்று அவர்களிடம் கேட்டுக் குறித்துக்கொள்வார்கள். எந்த ஓடையில் கோடையிலும் நீர் நிற்கும், எந்தச் சரிவில் கீரை முளைக்கும், உண்ணிச்செடி அடைவதற்கு முன் விறகுப் பாதை எப்படிப் போனது என்பது திண்ணையில் இருப்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டிய அவசியமில்லை. அதைச் சொல்லக் கூடியவர் அந்த நேரத்தில் ஓடைக்குப் போயிருப்பார். அவர் திரும்பி வரும்வரை அதிகாரி காத்திருந்து, அவர் சொல்வதையும் தாளில் எழுதி, கைநாட்டு வாங்கிக்கொண்டு போனால், வரைபடத்தில் இன்னும் சில இடங்களுக்குப் பெயர் கிடைக்கும்.